பழைய வீடியோ கேம் மெஷின் மானிட்டரில் ஒரே ஒரு கோடு மட்டும் தெரிகிறது. எலக்ட்ரானிக்ஸ் தெரியாத நான் சரிசெய்ய முடியுமா?

முடியும். எனக்கும் இதே கோடுதான் வந்தது. மூன்று வாரம் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் உங்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சம்.

நான் இருப்பது அமெரிக்காவில். பக்கத்து ஊரில் ஒருவர் கராஜைக் காலி செய்தபோது, 1982-இல் வந்த மிஸ் பேக்-மேன் மெஷின் ஒன்றைச் சல்லிசாக வாங்கி வந்தேன். காசு போட்டால் பாட்டு வந்தது, பொத்தான் வேலை செய்தது. திரையில் மட்டும் மேலிருந்து கீழாகப் பளிச்சென்று ஒரு கோடு. உள்ளே இருந்தது எலக்ட்ரோஹோம் ஜி07 என்ற 19 அங்குல மானிட்டர்.

தேடிப் படித்த இடத்திலெல்லாம் முதலில் கண்டன்சர்களை (போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்னச் சின்ன பாகங்கள்) மாற்றச் சொன்னார்கள். கிட் வாங்கி இரண்டு இரவு உட்கார்ந்து அத்தனையையும் மாற்றினேன். ஒன்றை பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டிருந்தேன். நல்லவேளை, கரண்ட் கொடுக்கும் முன் கண்ணில் பட்டது. கோடு மட்டும் அசையவில்லை.

என் கணக்கு இப்படி ஓடியது: கோடு நெட்டுக்குத்தாக நிற்கிறது, படம் பக்கவாட்டில் விரியவில்லை, அப்படியென்றால் ஹாரிசாண்டல் பகுதி போய்விட்டது. ஃப்ளைபேக்கை, அதாவது அந்தப் பகுதியில் இருந்து டியூப்புக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மரை, ஆர்டர் செய்யப் போனவன், கும்பகோணத்தில் முப்பது வருடம் டிவி மெக்கானிக்காக இருந்த என் மாமாவுக்கு அதற்கு முன் ஒரு போட்டோ அனுப்பினேன்.

"கோடு தெரியுதுல்ல? அப்ப ஈஎச்டி, அதான் டியூப்புக்குப் போற உயர் வோல்டேஜ், ஓடுது. ஹாரிசாண்டல் செத்தா ஈஎச்டியும் சேர்ந்து சாகும், திரை கும்மிருட்டா இருக்கும்" என்றார். அப்புறம் கேட்டார்: "டியூப் படுத்திருக்கா, நிக்குதா மாப்ள?"

அங்கேதான் விஷயம். பேக்-மேன் மாதிரியான விளையாட்டுகளுக்குப் படம் உயரவாக்கில் வேண்டும் என்பதால், சாதாரண மானிட்டரையே 90 டிகிரி திருப்பிப் பொருத்தியிருப்பார்கள். டிவியில் வெர்டிகல் பகுதி (படத்தை மேலும் கீழுமாக விரிப்பது) போனால் படுக்கைக் கோடு வரும். திருப்பி வைத்த டியூப்பில் அதே கோடு நின்றுகொண்டிருக்கும். நான் மாற்றவிருந்த ஃப்ளைபேக் முழு ஆரோக்கியத்தோடு இருந்தது. ஆகவே உங்கள் மெஷினிலும் முதலில் டியூப்பின் நீளப் பக்கம் எது என்று பாருங்கள். கோடு அந்த நீளவாக்கிலேயே ஓடினால் பெரும்பாலும் வெர்டிகல்தான். பார்த்துவிட்டு உடனே அணைத்துவிடுங்கள், விட்டால் கோடு திரையில் சுட்டுவிடும்.

கை வைப்பதற்கு முன் இதைத் தயவுசெய்து படியுங்கள். டியூப்பின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள நீளமான ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் ஒரு கிளிப் வயரை மாட்டி, மறுமுனையை டியூப்பைச் சுற்றியிருக்கும் பின்னல் எர்த் வயரில் மாட்டுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மூடிக்கு அடியில் நுனியை நுழைத்து உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொடுங்கள். 'டப்' என்று சத்தம் வரலாம், வராமலும் போகலாம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். போர்டிலுள்ள பெரிய ஃபில்டர் கண்டன்சரிலும் சார்ஜ் நிற்கும், அது இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். டியூப்பின் கழுத்து மெல்லிய கண்ணாடி. அங்கே ஒரு இடி பட்டால் டியூப் காலி.

இன்னொன்று. ஜி07-ஐ வெளியே எடுத்து நேராகச் சுவர் பிளக்கில் செருகாதீர்கள். அதற்கு மெஷினின் அடியிலிருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மானிட்டரைச் சுவர் கரண்டிலிருந்து பிரித்து வைப்பது) வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும். இல்லையென்றால் சேஸியை, அதாவது மானிட்டரின் உலோகச் சட்டத்தை, தொட்டாலே ஷாக் அடிக்கும்.

சரி, என் கோடு. "பார்ட்ஸ் வாங்காத, டிரை சால்டர் பாரு" என்றார் மாமா. ஈயப்பற்று விட்டுப்போன இணைப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். போர்டைக் கழற்றித் திருப்பி, டார்ச்சைச் சாய்வாக அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டியூப் கழுத்திலிருக்கும் யோக்கிலிருந்து (படத்தை விரிக்கும் கம்பிச்சுருள்) வரும் வயர்கள் செருகும் கனெக்டரில், ஒரு பின்னைச் சுற்றி முடி மாதிரி கறுப்பு வளையம். விரலால் அசைத்தால் பின் மட்டும் தனியே ஆடியது. நாற்பது வருடம் சூடாகி ஆறி, ஈயம் விட்டுப்போயிருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன், பக்கத்துப் பின்களுக்கும் சேர்த்து. படம் முழுதாக விரிந்தது. கண்டன்சர் கிட் வீண் என்று சொல்லமாட்டேன், வயதான மானிட்டருக்கு என்றைக்காவது தேவைப்படும். ஆனால் அது இரண்டாவது வேலை.

படம் வந்த பிறகு நீல நிறம் மட்டும் இல்லை; கழுத்து போர்டிலும் இதே டிரை சால்டர், பத்து நிமிட வேலை. பழைய பேக்-மேன் மெஷின்களில் வழக்கமாக இருப்பது போல அந்தப் புதிர்ப்பாதை திரையில் கருகிப் பதிந்திருக்கிறது, அணைத்தாலும் தெரியும். அதற்கு வேறு டியூப் போடுவதுதான் வழி. நான் அப்படியே விட்டுவிட்டேன்.

உங்கள் மானிட்டரில் கோடு கூட வராமல் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் கதை வேறு, பெரும்பாலும் ஹாரிசாண்டல் பகுதியை ஓட்டும் ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்காதீர்கள். கரண்ட் இல்லாமல் அந்த டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸை மீட்டரில் பாருங்கள். மீட்டர் வயர்களை மாற்றி வைத்தாலும் இரண்டு தடவையும் ஜீரோ காட்டினால், கழற்றி வெளியே வைத்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.