சத்தம் போடாத ஜி.ஹெச்.

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் நாற்பது ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை டிக்டேஷன் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றிலும் ஜி, ஹெச் இரண்டும் சேர்ந்து வருகின்றன. நைட், டாட்டர், நேபர், காஃப், டோ, கோஸ்ட், டிலைட், ஹிக்கஃப் என்று பட்டியல் நீள்கிறது. "காஃப்ல ஃப் சத்தம் வருது, கோஸ்ட்ல க வருது, நைட்ல ஒண்ணுமே வரல. சத்தம் போடாத எழுத்தை எதுக்கும்மா எழுதணும்?" என்று கேட்டாள். "இங்கிலீஷ்னா அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்றேன். சொன்ன பிறகு எனக்கே உறுத்தலாக இருக்கிறது. இதில் ஏதாவது ஒழுங்கு உண்டா?

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தில் ஜி.ஹெச். என்று பார்த்ததும் முதலில் ஆஸ்பத்திரி விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

மகளிடம் சொல்லுங்கள்: அந்த எழுத்துகள் ஒரு காலத்தில் நன்றாகவே சத்தம் போட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இரவு 'நிஹ்ட்', மகள் 'டொஹ்டர்'. நடுவில் வரும் அந்த ஹ் தொண்டையை உரசிக்கொண்டு வரும். எங்கள் தமிழாசிரியர் 'அஃது' என்பதைச் செருமலோடு சொல்வாரே, கிட்டத்தட்ட அப்படி. ஜெர்மன்காரர்கள் இன்றும் இரவை 'நஹ்ட்' என்றும் மகளை 'டொஹ்டர்' என்றும் அதே உரசலோடுதான் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சிலும் அது மிச்சமிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றை ஹெச் போதுமாயிருந்தது. 1066க்குப் பிறகு பிரான்ஸ் பக்கத்திலிருந்து நார்மன்கள் ஆட்சிக்கு வந்தார்கள். பிரெஞ்சு எழுதிப் பழகிய எழுத்தர்கள் கைக்கு ஏடு போனதும், இந்தத் தொண்டை ஒலிக்கு மெல்ல மெல்ல ஜி.ஹெச். என்ற ஜோடி நிலைத்தது. பிறகு பேச்சில் அந்த ஒலி தேய ஆரம்பித்தது. தேய்ந்து முடிவதற்குள் அச்சு இயந்திரம் வந்து எழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சொன்னது மாறிவிட்டது, எழுதியது மாறவில்லை.

சில சொற்களில் ஒலி முழுக்கச் சாகாமல் தொண்டையிலிருந்து உதட்டுக்கு இடம் மாறி ஃப் ஆனது. காஃப், ரஃப், இனஃப், லாஃப் எல்லாம் இந்த வகை. இதே ஃப் ஒலியை எழுத நாம் ஆய்தத்தைத்தான் கூப்பிடுகிறோம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

ஏன் சிலது ஃப் ஆனது, சிலது ஊமையானது? வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சு வேறாக இருந்தது. ஒரு ஊர் உச்சரிப்பில் ஒரு சொல்லும் இன்னொரு ஊர் உச்சரிப்பில் இன்னொரு சொல்லும் பொது வழக்குக்குள் வந்துவிட்டன. அதனால்தான் பிசைந்த மாவுக்கு 'டோ', மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிக்கு 'ட்ராஃப்'. இதற்கு விதி தேடினால் தலைவலிதான். ஆனால் பாதிச் சுமையைக் குறைக்க ஒரு குறிப்பு உண்டு: ஜி.ஹெச்.சுக்கு முன்னால் ஐ என்ற எழுத்து இருந்தால் அது எப்போதும் ஊமை. பெருமூச்சு 'சை', தொடை 'தை', குதிரைக் கனைப்பு 'நே', எடை பார்ப்பது 'வே'. ஒன்றுகூட ஃப் ஆகாது.

சொல்லின் முதலிலேயே ஜி.ஹெச். வந்தால் ஆள் வெளியூர். 'கீ' நம் நெய்தான், இந்தியிலிருந்து போனது. பிணம் தின்னும் பேயான 'கூல்' அரபிக்காரன். 'கெட்டோ' இத்தாலியச் சொல், 1516இல் வெனிஸில் யூதர்களை ஒதுக்கி வைத்த குடியிருப்பின் பெயர். மூன்றிலும் 'க' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

உங்கள் பட்டியலில் உள்ள பேய் மட்டும் உள்ளூர்ப் பேய். பழைய எழுத்தில் அதற்கு ஹெச்சே கிடையாது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார். அதற்குமுன் நெடுங்காலம் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் இருந்தவர். அந்தப் பக்கத்து பிளெமிஷ் மொழியில் பேய்க்கு ஹெச் உண்டு, அந்தப் பழக்கம் இங்கேயும் அச்சேறிவிட்டது. 'டிலைட்' இன்னொரு போலி. மகிழ்ச்சி என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து ஜி.ஹெச். இல்லாமல் வந்த சொல் அது. 'லைட்' எழுதுகிற மாதிரி இதையும் எழுதிப் பழகிவிட்டார்கள். வெளிச்சத்துக்கும் இதற்கும் உறவே இல்லை.

எனக்குப் பிடித்தது 'நேபர்'. அருகில் என்ற பொருளுள்ள 'நை'யும், குடியானவன் என்ற பொருளுள்ள ஒரு பழஞ்சொல்லும் சேர்ந்தது. நம் 'அண்டை வீட்டார்' போல. 'நியர்', 'நெக்ஸ்ட்' இரண்டும் அந்த 'நை'யின் பிள்ளைகளே. ஒன்றைப் படித்தால் இரண்டு இலவசம்.

இந்த இரட்டை எழுத்தை வைத்து ஒரு பழைய கேலி உண்டு. 'இனஃப்' கடைசியில் வரும் ஜி.ஹெச்., 'விமென்' நடுவில் வரும் ஓ, 'நேஷன்' நடுவில் வரும் டி, ஐ, இவற்றைச் சேர்த்து எழுதினால் 'ஃபிஷ்' என்று படிக்கலாம் என்பார்கள். பெர்னார்ட் ஷா சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. 1855இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே இந்தக் கேலி இருக்கிறது. ஷா பிறந்ததே 1856இல். அதிருக்கட்டும், சொல்லின் முதலில் வரும் ஜி.ஹெச். ஒருநாளும் ஃப் ஆகாது என்று இப்போது உங்கள் மகளுக்கே தெரியும். நேரே படித்தால் அது 'கோட்டி'. திருநெல்வேலிக்காரர்கள் சிரிப்பார்கள்; அங்கே கோட்டி என்றால் பைத்தியம்.

ஹிக்கஃப் விஷயம் தனி. விக்கலைப் போலவே ஒலித்த 'ஹிக்கப்' என்ற சொல்லை, இருமலோடு சம்பந்தம் என்று தப்பாக நினைத்து, யாரோ 'காஃப்' எழுத்தை ஒட்டிவிட்டார்கள். அப்படி எழுதினாலும் ஹிக்கப் என்றுதான் படிக்க வேண்டும். திங்கட்கிழமை உங்கள் மகள் ஜி.ஹெச். இல்லாமல் யு, பி போட்டு முடித்து எழுதினாலும் சரிதான். டீச்சர் தப்பு போட்டால் அகராதியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்; மரியாதையாக.