நிரலைச் சோதித்தால் போதாதா?
(கணினியியல்: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: மென்பொருள் சரியானதா என்பதைக் கணித முறையில் நிரூபிக்கும் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரான டோனி ஹோர் கொழும்பில் பிறந்தவர் என்று அறிந்தேன். அவர் இந்த ஆய்வுக்கு எப்படி வந்தார்? (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

பதில்: ஆம், 1934 ஜனவரி 11 அன்று கொழும்பில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் ஆட்சியில் நிர்வாக அதிகாரி. தாய் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் மகள். ஆனால் அவர் ஆய்வாளராக உருவானது இலங்கையில் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் அவர் படித்தது கிரேக்க, லத்தீன் இலக்கியமும் தத்துவமும். அங்கு தர்க்கவியலில் ஏற்பட்ட ஈடுபாடுதான் பிற்காலத்தில் கைகொடுத்தது. கடற்படையில் கட்டாயச் சேவை செய்தபோது ரஷ்ய மொழி கற்றார். அந்த மொழியறிவே அவரை மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றது. ரஷ்ய வாக்கியங்களைக் கணினியைக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டுமானால், காந்த நாடாவில் அகரவரிசையில் பதிந்திருக்கும் அகராதியைத் தேடுவதற்கு முன் வாக்கியத்தின் சொற்களையும் வரிசைப்படுத்தியாக வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் இன்று எல்லாக் கணினிப் பாடத்திட்டத்திலும் உள்ள குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை.

1960இல் எலியட் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் கணினி நிறுவனத்தில் சேர்ந்து, ஆல்கால் 60 என்ற நிரல் மொழிக்குக் கம்பைலர் (அம்மொழி நிரலைக் கணினி இயக்கும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) எழுதும் பணியை முன்னின்று நடத்தினார். அந்த வெற்றிக்குப் பின் வந்த தோல்விதான் அவர் பாதையை மாற்றியது என்பது என் கருத்து. எலியட் 503 கணினிக்கான புதிய மென்பொருள் தொகுதி, 30 ஆள்-ஆண்டுகளுக்கு (ஒருவர் ஓராண்டு செய்யும் வேலை ஓர் ஆள்-ஆண்டு) மேற்பட்ட உழைப்பை விழுங்கிய பின்னும் பயன்படுத்தத் தக்கதாக அமையாமல் கைவிடப்பட்டது. 1980இல் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில், தம் பொறுப்பில் நடந்த அந்தத் தோல்வியை அவர் சிறிதும் மறைக்காமல் விவரித்தார். விருது மேடைகளில் இது அபூர்வம்.

கேள்வி: ஆயிரக்கணக்கான சோதனைகளில் தேறிய கணினி நிரலுக்கு (புரோகிராம்) நிரூபணம் வேறு எதற்கு? அப்படி என்னதான் நிரூபிக்கிறார்கள்? (பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

பதில்: முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். இரண்டு 32 பிட் எண்களை (32 இரும இலக்கங்களில் அடங்கும் எண்கள்) வாங்கிக்கொள்ளும் ஒரு சிறு நிரலை எல்லா உள்ளீடுகளுக்கும் சோதிக்க வேண்டுமென்றால், நொடிக்கு 100 கோடி சோதனை செய்தாலும் ஏறத்தாழ 584 ஆண்டுகள் ஆகும். ஆகவே நாம் எப்போதும் சோதிப்பது ஒரு துளியை மட்டுமே. சோதித்தவற்றில் பிழை இல்லை என்றுதான் சொல்ல முடியுமே தவிர, பிழையே இல்லை என்று சொல்ல முடியாது.

1968இல் பெல்ஃபாஸ்டின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஹோர், அமெரிக்கக் கணினியியலாளர் ராபர்ட் ஃப்ளாய்டு 1967இல் வெளியிட்ட கருத்தை வளர்த்தெடுத்து, 1969இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு நிரல் துண்டுக்கும் முன்னால் ஒரு நிபந்தனையும் பின்னால் ஒரு நிபந்தனையும் எழுதுங்கள், முன்நிபந்தனை உண்மையாக இருக்கும் நிலையில் துண்டு இயங்கி முடிந்தால் பின்நிபந்தனையும் உண்மையாகும் என்பதை விதிகளின்படி நிரூபியுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் நிரலுக்கு, “இருப்பு எடுக்கும் தொகைக்குக் குறைவாக இல்லை” என்பது முன்நிபந்தனை. “புதிய இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இல்லை” என்பது பின்நிபந்தனை. இங்கே தொகை 500 ரூபாயா 5,000 ரூபாயா என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லாத் தொகைகளுக்கும் ஒரே நிரூபணம் பொருந்தும்.

ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சிகள் வரும்போதுதான் சிரமம். ஒரு பட்டியலின் எண்களைக் கூட்டும் சுழற்சி எத்தனை முறை சுற்றும் என்பது முன்கூட்டியே தெரியாது. எனவே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மாறாமல் உண்மையாக இருக்கும் ஒரு கூற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில், “இதுவரை பார்த்த எண்களின் கூட்டுத்தொகையே இப்போது கையிலுள்ள தொகை” என்பது அது. பெரிய நிரல்களில் இந்தக் கூற்றைக் கண்டுபிடிப்பது இன்றும் எளிதல்ல. நிரூபணத்துக்கு உதவும் மென்பொருள் கருவிகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: இவ்வளவு நல்ல முறை என்றால் மென்பொருள் நிறுவனங்கள் ஏன் பயன்படுத்துவதில்லை? (மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: ஹோரும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டார். பெல்ஃபாஸ்ட் சென்றபோதே, இந்த ஆய்வு தாம் ஓய்வு பெறும்வரை தொழில்துறையில் பயன்படப் போவதில்லை என்று கணித்து, அதனாலேயே பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற ஆய்வு இது என்று அவர் முடிவு செய்தார். பின்னர் 1977இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றார். ஒரே நேரத்தில் இயங்கி ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் நிரல்களை விவரிக்கும் கோட்பாட்டை 1978இல் முன்வைத்தார். இன்று கோ என்ற நிரல் மொழியில் எழுதுவோர் பயன்படுத்தும் சேனல்களின் (நிரல் பகுதிகள் தமக்குள் செய்தி அனுப்பும் வழிகள்) தோற்றுவாய் அங்கேதான் இருக்கிறது. 1996இல், நிரூபணம் இல்லாமலேயே மென்பொருள் இவ்வளவு நம்பகமானது எப்படி என்று வியந்து ஒரு கட்டுரை எழுதி, நிரூபணம் இல்லாமல் நம்பகமான மென்பொருள் அமையாது என்ற தம் எதிர்பார்ப்பு பிசகியதை வெளிப்படையாகச் சொன்னார். சொந்தத் துறையின் வாக்குறுதிகளை இப்படித் தணிக்கை செய்த ஆய்வாளர்களை நான் அதிகம் கண்டதில்லை. சோதனைக்கு எதிரியாக நிரூபணத்தை நிறுத்தியது பிழை, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்றும் பிற்பாடு எழுதினார்.

ஆனால் உங்கள் கேள்வியில் “பயன்படுத்துவதில்லை” என்பதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். 1999இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஓய்வு பெற்று ஹோர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் சேர்ந்த காலத்தில், அதே நிறுவனத்தில் ஸ்லாம் என்ற திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதை உருவாக்கிய இருவர் தாமஸ் பாலும், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணியும். விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றுபோவதற்கு, வெளி நிறுவனங்கள் எழுதிய டிரைவர்கள் (அச்சுப்பொறி போன்ற சாதனங்களை இயக்கும் சிறு நிரல்கள்) பல வேளைகளில் காரணமாக இருந்தன. ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே பயன்படுத்தச் செய்யும் பூட்டைப் பிடித்த டிரைவர் அதை விடுவிக்காமல் மறுபடி பிடிக்கிறதா என்பது போன்ற விதிகளை, நிரலை இயக்கிப் பார்க்காமலேயே ஸ்லாம் சரிபார்த்தது. டிரைவர் முழுவதும் சரி என்று அது நிரூபிக்கவில்லை. குறிப்பிட்ட சில விதிகளை மீறவில்லை என்று மட்டும் காட்டியது. இந்தக் குறுக்கம்தான் வெற்றிக்குக் காரணம் என்பேன்.

முழு நிரூபணத்துக்கு ஆகும் செலவை அறிய வேண்டுமானால், 2009இல் ஆஸ்திரேலியாவில் நிரூபிக்கப்பட்ட எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவை (இயங்குதளத்தின் மையப் பகுதி) பாருங்கள். சி என்ற நிரல் மொழியில் எழுதிய சுமார் 8,700 வரிகளுக்கு ஏறத்தாழ 2 லட்சம் வரி நிரூபணம் தேவைப்பட்டது. எல்லாச் செயலிக்கும் இது கட்டுப்படியாகாது. பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் தடத்தில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயில்களுக்குக் கட்டுப்படியாயிற்று. 1998இல் திறக்கப்பட்ட அத்தடத்தின் பாதுகாப்பு மென்பொருள், நிரலை நிரூபணத்தோடு சேர்த்தே உருவாக்கும் பி முறையில் நிரூபிக்கப்பட்டது.

கேள்வி: என் மகள் இத்துறையில் ஆய்வு செய்ய விரும்புகிறாள். எதிலிருந்து தொடங்கலாம்? (பெற்றோர், சென்னை)

பதில்: தர்க்கவியலும் கணக் கோட்பாடும் அடிப்படை. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகமும் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் இத்துறையில் நெடுங்காலமாக ஆய்வு நடக்கும் இடங்கள். வீட்டிலிருந்தே தொடங்க, நிரலை எழுதும்போதே அதன் நிரூபணத்தைச் சரிபார்க்கும் டாஃப்னி என்ற இலவசக் கருவி போதும். அதில் இருமத் தேடலை (வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடும் முறை) எழுதி நிரூபிக்கச் சொல்லுங்கள். பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளில் பல ஆண்டுகள் புழங்கிய அந்தச் சிறு நிரலில், நடு இடத்தைக் காண இரு எல்லைகளையும் கூட்டும்போது 32 பிட் எண் நிரம்பி வழியும் பிழை இருந்தது 2006இல்தான் பரவலாகத் தெரியவந்தது. எண்களுக்கு 32 பிட் எல்லை விதித்து எழுதினால், அந்தக் கூட்டல் வரியைக் கருவி ஏற்க மறுக்கும். அதை எப்படித் திருத்துவது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.