மீனுக்கு எதற்கு மூக்கு? ஆற்று மீன், குளத்து மீன் கேள்வி பதில்

கேள்வி: மீன் மூச்சு விடுவது செவுளால்தானே, அப்புறம் முகத்தில் எதற்கு மூக்குத் துளை?

பதில்: மோப்பத்துக்கு மட்டும்தான். அந்தத் துளைக்கும் தொண்டைக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு கெண்டையைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள், துளைக்கு நடுவில் சின்னதாக ஒரு தோல் மடல் நிற்கும். மடலுக்கு முன்னால் நுழைகிற தண்ணீர் உள்ளே இருக்கும் மடிப்புகளைத் தடவிவிட்டு மடலுக்குப் பின்னால் வெளியேறிவிடும்.

கேள்வி: காதே இல்லை, தொட்டியைத் தட்டினால் மட்டும் எப்படி மிரளுகிறது?

பதில்: வெளியே தெரியாது, ஆனால் உள்காது உண்டு. மீன் உடம்பும் ஏறக்குறைய தண்ணீர் அளவுக்கே அடர்த்தி என்பதால் ஒலி நேராக உடம்புக்குள் புகுந்துவிடும், காது மடல் வைத்து ஒலியைப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. உள்காதில் இருக்கும் சுண்ணாம்புக் கல் மட்டும் கனமானது, உடம்போடு ஒட்டி அசையாமல் கொஞ்சம் பின்தங்கும், அந்த வித்தியாசம்தான் மீனுக்குச் சத்தம். கெண்டை, கெளுத்தி வகைகளுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: வயிற்றிலுள்ள காற்றுப்பை அதிர்ந்தால், குட்டி எலும்புகள் வரிசையாக அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்தும். இதை 1820-இல் ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் வெபர் எழுதி வைத்தார். 1923-இல் விலங்கியல் அறிஞர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் தன் கெளுத்தியை விசில் அடித்தால் வருகிற மாதிரிப் பழக்கியே காட்டிவிட்டார். ஆகவே தட்டாதீர்கள், பாவம்.

கேள்வி: விலாவில் தலை முதல் வால் வரை ஒரு கோடு ஓடுகிறதே, அழகுக்கா?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. அது பக்கக் கோடு. கோடு மேலிருக்கும் செதில்களை லென்ஸில் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருக்கும். அடியில் ஓடும் குழாயில் மயிரிழை போன்ற முனைகளுள்ள செல்கள், அவற்றின் மேல் வழவழப்பான ஒரு தொப்பி. பக்கத்தில் இன்னொரு மீன் வாலை ஆட்டினால் தண்ணீர் நெளியும், தொப்பி சாயும், நரம்புக்குத் தகவல் போய்விடும். இதைத் தொடுவது என்பதா, கேட்பது என்பதா? நம்மிடம் இல்லாத புலன், நம்மிடம் அதற்குச் சரியான சொல்லும் இல்லை. மெக்சிகோ குகைகளில் கண்ணே இல்லாத மீன்கள் இதை வைத்துத்தான் பாறையில் முட்டாமல் நீந்துகின்றன.

கேள்வி: கெளுத்தி மீசை?

பதில்: மீசை மட்டுமா, தோல் முழுக்கச் சுவை மொட்டுகள். அது உடம்பே நாக்காக அலைகிற ஜென்மம். இரையின் மேல் வால் உரசினால்கூடப் போதும், சட்டென்று திரும்பிக் கவ்வும்.

கேள்வி: மீன் தண்ணீர் குடிக்குமா?

பதில்: நன்னீர் மீன் ஏறக்குறைய குடிப்பதே இல்லை. அதன் ரத்தத்தில் வெளித் தண்ணீரைவிட உப்பு அதிகம் என்பதால் செவுள் வழியாகத் தண்ணீர் தானாக உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியே தள்ள வேண்டும், கூடவே போகிற உப்பைச் செவுள் செல்கள் தண்ணீரிலிருந்து திரும்பப் பிடித்தாக வேண்டும். கடல் மீன் இதற்கு நேர் எதிர், அது குடித்தே ஆகவேண்டும்.

கேள்வி: விரால் ஏன் அடிக்கடி மேலே வந்து வாய் பிளக்கிறது, நோயா?

பதில்: இல்லை, காற்றை விழுங்க வருகிறது. தலைக்குள் செவுளுக்கு மேலே அதற்கென்று தனி அறை உண்டு. மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

கேள்வி: கண்ணை மூடித் தூங்குமா?

பதில்: மூட இமை இல்லையே! ஆனால் ஓய்வெடுக்கும். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், அடியில் அசையாமல் கிடக்கும், செவுள் மூடி மட்டும் மெதுவாகத் திறந்து மூடும்.