நுரையீரலை நலமாக வைத்துக்கொள்ள அன்றாட வாழ்வில் என்ன செய்கிறீர்கள்?

நான் மருத்துவன் அல்லன். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பெரிய பழைய வீட்டைப் பராமரித்துக்கொண்டு வாழ்பவன். இந்தக் கேள்வியை எனக்குள் முதலில் எழுப்பியவர் என் அப்பத்தா.

அவர் வாழ்நாளில் புகையிலையைத் தொட்டவர் அல்லர். ஆயினும் எழுபது வயதைத் தாண்டியபின், முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடங்களில் தூணைப் பிடித்து நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். வயதானால் அப்படித்தான் என்று நாங்களும் இருமல் மருந்தோடு இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டோம். கடைசியில் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றபோது, அவர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை வருஷம் விறகடுப்புல சமைச்சீங்க, ஆச்சி?" என்பதுதான். "கல்யாணம் ஆன நாள் தொட்டு" என்றார் அப்பத்தா.

மூக்கில் கிளிப் மாட்டி, ஸ்பைரோமீட்டர் கருவியின் குழாயை வாயில் வைத்து, இழுத்த மூச்சை முழு வேகத்தில் ஒரே மூச்சாக ஆறு நொடியாவது ஊதச் சொன்னார்கள். அந்தக் குழாயை அப்பத்தா வாங்கிப் பிடித்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது: இரண்டு விரலால் தாங்கி, தலையைச் சற்றுச் சாய்த்து, அடுப்படியில் ஊதாங்குழலைப் பிடிப்பதுபோலவே பிடித்தார். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்று, மொத்தமாக ஊதிய காற்றில் 70 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்து, மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது தேறாவிட்டால், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாகக் கொள்கிறார்கள். அப்பத்தாவுக்கு அதுதான் இருந்தது. புகை பிடிப்பவர்களின் நோய் என்று நாம் நினைக்கும் அதே நோய், விறகுப் புகையாலும் வருகிறது.

ஊதாங்குழலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊதும்போது முகம் அடுப்பின் வாய்க்கு நேரே இருக்கிறது. ஊதி முடித்ததும் அடுத்த மூச்சை ஆழமாக இழுக்கிறோம், அதுவும் புகைக்கு நடுவிலேயே. புகையிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மூச்சுக்குழல்களின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் சளியோடு சேர்த்துத் தூசியை மேலே தள்ளிவிடும். ஆனால் குழல்களின் கோடியில் கோடிக்கணக்கில் இருக்கும் காற்றுப் பைகளில் அந்த நுண்மயிர்கள் கிடையாது. அங்கே போய்ச் சேரும் நுண்துகள் அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை.

ஆகவே நுரையீரலைச் சுத்தம் செய்யும் கஷாயம் என்று வரும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. தூதுவளை ரசம் தொண்டைக்கு இதமாக இருக்கும், நானும் விரும்பிக் குடிப்பேன். ஆனால் அது போவது இரைப்பைக்கு. நுரையீரலுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, உள்ளே போகக்கூடாததைப் போகவிடாமல் தடுப்பதுதான் என்பது என் எண்ணம். புகை பிடிப்பவர் அதை நிறுத்துவது இதில் முதலாவது. எத்தனை வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு. இதை எல்லாரும் அறிவார்கள் என்பதால் விரித்து எழுதவில்லை.

எங்கள் வீட்டில் சமையல் எரிவாயுவுக்கு மாறிய பிறகும், வெந்நீருக்கும் பலகாரத்துக்கும் விறகடுப்பு விடுபடவில்லை. அதை அடியோடு எடுக்க அப்பத்தா சம்மதிக்கவில்லை. ஆகவே அடுப்பைப் பின்கட்டுக்கு அப்பால் திறந்தவெளிக்கு மாற்றினோம். நன்கு காய்ந்த கருவேல விறகை மட்டும் எரிக்கிறோம், பற்ற வைக்க நெகிழிப் பையைப் போடும் பழக்கத்தை அறவே நிறுத்தினோம். மிளகாயும் மல்லியும் வறுக்கும்போது எழும் நெடிக்கும், எண்ணெய்ச் சட்டி காய்ந்து எழும் புகைக்கும், அடுப்படிச் சன்னலில் ஒரு புகைபோக்கி விசிறி ஓடுகிறது. முறுக்கும் தேன்குழலும் மணிக்கணக்காகச் சுடும் நாட்களில் ஒருவரே சட்டி முன்னால் உட்காராமல், முறை வைத்து மாறிக்கொள்கிறோம்.

அடுத்தது கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கடியில் அதை ஏற்றி வைத்துத் தூங்கிய வழக்கம் எங்களுக்கும் இருந்தது. இப்போது கொசுவலைதான். சாம்பிராணியையும் ஊதுபத்தியையும் வீட்டில் விட முடியாது; வளவில், வானம் தெரியும் இடத்தில் போடுகிறோம்.

செட்டிநாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தை யாரும் பேசுவதில்லை. ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டை, கல்யாணத்துக்கோ, முன்னோரை வணங்கும் படைப்புக்கோ திறக்கும்போது, மாடியிலும் உத்தரத்திலும் புறா எச்சம் காய்ந்து அடுக்கடுக்காகக் கிடக்கும். உலர்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் கூட்டினால், வளவில் விழும் வெயிலில் அந்தத் தூசி எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். புறாவின் எச்சத்திலும் இறகிலும் உள்ள புரதம் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். கூட்டிய சில மணி நேரம் கழித்து வரும் காய்ச்சலையும் வறட்டு இருமலையும் அலைச்சல் என்று தள்ளிவிடுவார்கள். திரும்பத் திரும்ப நேர்ந்தால் நுரையீரல் தழும்பேறிப்போகலாம். சென்ற முறை முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, பிறகு சுரண்டி எடுக்கச் சொன்னேன். வேலைக்கு வந்தவர்கள் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டார்கள். துண்டு நுண்தூசியைத் தடுக்காது என்று சொல்லி என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். "இதைப் போட்டா மூச்சு முட்டுதுங்கய்யா" என்றார் ஒருவர். உண்மைதான், அடிக்கடி வெளியே வந்து கழற்றிவிட்டு இளைப்பாறச் சொன்னேன். பிறகு மாடி சன்னல்களுக்கும் வளவுக்கும் வலை அடித்தாயிற்று.

நடைப் பயிற்சியைப் பொறுத்தவரை, விடியற்காலையில் ஊருணியைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறேன். கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது, அதுவே வேகத்துக்கு அளவு. நடையும் மூச்சுப் பயிற்சியும் புதிதாகக் காற்றுப் பைகளை முளைக்க வைப்பதில்லை. உடலின் தசைகள் பழகுவதால், அதே வேலைக்கு மூச்சு வாங்குவது குறைகிறது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விடும் முறையை அப்பத்தாவுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். படி ஏறும்போது அது அவருக்கு நன்றாகவே உதவியது. இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்து முதல் மாதம் அதை அவர் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தது தனிக் கதை.

வயதானவர்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசியையும் நிமோனியா தடுப்பூசியையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துவிடுங்கள். காசநோய்ச் சோதனையும் சிகிச்சையும் அங்கே இலவசம். வீட்டில் யாராவது நடக்கும் வழியில் தூணைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தால், எங்களைப் போல இரண்டு ஆண்டு காத்திராமல், ஊதிப் பார்க்கும் அந்தச் சோதனையை இந்த மாதமே கேட்டுச் செய்துவிடுங்கள்.