கோயிலோடு வளர்ந்தவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவின் நேர்த்திக்கடனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி கேட்ட தம்பிக்கு 19 வயது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னப் பட்டணம். கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு பிழைப்பானா என்று ஆனதும், பிள்ளை பெரியவனானால் காவடி எடுப்பான் என்று அம்மா ஈப்போ கல்லுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். வரும் தைப்பூசத்தில் அதைச் செலுத்தச் சொல்கிறார். தம்பிக்கோ கோயிலுக்குள் போனாலே மனம் ஒட்டவில்லை. கடவுள் இருக்கிறாரா என்று தெரியவில்லை. எடுக்காவிட்டால் சாமி குத்தம் ஆகிவிடுமோ என்ற பயமும் விடவில்லை. கூட வேலை செய்யும் நண்பன் வேறு ஞாயிறுதோறும் கிறிஸ்தவ சபைக்குக் கூப்பிடுகிறான். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நானும் உங்கள் மாநிலம்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தேன். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடித்த பிறகு பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்தோம். பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு எடுக்கிறேன். தேவாரம் சொல்லிக்கொடுப்பவள், ‘முருகனை நம்பு, எல்லாம் சரியாகிவிடும்’ என்றுதான் சொல்வாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பதிலை இதற்குள் பத்துப் பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உதவியிருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கடவுள் உண்டா என்பது ஒன்று. நம் கோயிலில் நடப்பதெல்லாம் சரியா என்பது இன்னொன்று. பயம் வேறு. அம்மா மேல் இருக்கும் பாசம் வேறு. அடுத்தவன் சமயத்தில் என்ன இருக்கிறது என்ற ஆவல் வேறு. எல்லாவற்றையும் ஒரே கேள்வியாக்கி, ஒரே நாளில், ஒரே வார்த்தையில் பதில் தேடுவதால்தான் தலை வெடிக்கிறது.

இந்தக் குழப்பம் ஏன் உங்கள் வயதில் வருகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். தமிழ்ப்பள்ளியில் சபைகூடல் நடக்கும்போதெல்லாம் தேசியக் கோட்பாட்டைச் சொல்லி வளர்ந்தோம். 1970இல் அறிவித்த அந்த ஐந்து கோட்பாடுகளில் முதலாவதே ‘இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்’. நம்பிக்கை வை என்று சொல்லிக்கொடுத்தார்கள், எப்படி, எதை, ஏன் என்று பேச நேரம் ஒதுக்கவில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போனால் முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்வி வகுப்புக்குப் போவார்கள், மற்றவர்கள் நன்னெறிக் கல்விக்குப் போவோம். நம் சமயத்தைப் பற்றிப் பாடமாக உட்கார்ந்து கேட்டது என்றால் கோயில் வகுப்பும் இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டியும்தான். போட்டிக்குப் பாட்டு மனப்பாடம் ஆகும், அர்த்தம் பாதிதான் புரியும். வீட்டில் கேட்டாலோ, ‘கேள்வி கேக்காத, கும்பிடு’. பதினெட்டு பத்தொன்பது வயதில் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இன்னொன்று. நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கடவுள் உண்டா இல்லையா என்பது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. அப்பா பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடியுமுன்பே கிளம்பிவிடுவார். நெற்றியில் விளக்கு, கையில் வெட்டுக் கத்தி. காட்டு முனையில் ஒரு மரத்தடியில் முனியாண்டிக்குச் சூலம் நட்டிருக்கும். அங்கே நின்று ஒரு சூடம் ஏற்றிவிட்டுத்தான் தன் மர நிரைக்குள் நுழைவார். உங்கள் வயதில் நான் அவரிடம் நேரடியாகக் கேட்டேன்: “நெசமாவே அங்க சாமி இருக்காப்பா?” அவர் யோசிக்கவே இல்லை. “அதெல்லாம் எனக்குத் தெரியாது. கும்பிடாமப் போனா மனசு நிலைக்க மாட்டேங்குது. வெட்டு ஆழமாப் போயிடும். மரத்துல காயம் விழுந்தா மண்டோர் கத்துவான்.”

மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. மரத்தில் காயம் விழுந்தால் பட்டை மறுபடி முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது. என் அப்பாவின் பக்தி அந்தக் கையோடு ஒட்டியிருந்தது. பாம்பும் இருட்டும் காய்ச்சலும் இருந்த காட்டில் அவருக்கு வேண்டியது காவல். அது அவருக்குக் கிடைத்தது. உங்களுக்கும் எனக்கும் அந்தக் காடு இல்லை. நாம் பாலிடெக்னிக் படித்து, தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்து, கைப்பேசியில் உலகத்தையே பார்க்கிறோம். நமக்கு வேண்டியது விளக்கம். பெரியவர்கள் கையில் இருப்பதோ விளக்கம் அல்ல, பழக்கம். அதனால்தான் அவர்கள் சொல்லும் எதுவும் உங்களுக்குப் பதிலாகப் படவில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். நீங்கள் கேட்பது அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது சாமி குத்தம். உங்கள் கேள்வியைப் படித்தபோது என் மனதை மிகவும் வருத்தியது இதுதான். நம்பிக்கையே இல்லை என்கிறீர்கள், தண்டனை வரும் என்று மட்டும் நம்புகிறீர்கள். திருவிழாவில் உருமி மேளம் ஏறும்போது யாரோ சாமி வந்து ஆடி, ‘குறை வச்சிருக்கீங்க’ என்று சொன்னால் அந்தக் குடும்பம் வருடம் பூராவும் நடுங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு வயதுப் பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் அந்த வார்த்தையோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. யோசித்ததற்காக ஒருவரைத் தண்டிக்கிற தெய்வம் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடல்களில் இல்லை.

அந்தப் பாடல்களைப் பாடியவரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநாவுக்கரசர், நாம் அப்பர் என்று கூப்பிடுகிறவர், 7ஆம் நூற்றாண்டு. மருள்நீக்கியார் என்று பெயர். அப்பா அம்மா இருவரும் போனபிறகு, நிலையான உண்மை எது என்று தேடித்தான் சமண சமயத்துக்குப் போனார். அங்கே படித்து, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கும் உயர்ந்தார். பிறகு சூலை நோய் வந்து, அக்கா திலகவதியார் இருந்த திருவதிகைக்குத் திரும்பினார். அப்போது பாடிய ‘கூற்றாயினவாறு’ பதிகம்தான் நம் பிள்ளைகள் போட்டிகளில் பாடுவது.

ஒருநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் சட்டென்று கேட்டான்: “அப்படின்னா அவரு மதம் மாறுனவரா டீச்சர்?” பின்னால் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெற்றோர் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆமாம் என்றேன். போனவர், அங்கே முழு மனதோடு இருந்தவர், பிறகு வந்தவர். வகுப்பு முடிந்ததும் ஒரு தாயார், “இதையெல்லாம் எதுக்கு டீச்சர் பிள்ளைங்ககிட்ட சொல்றீங்க?” என்று வருத்தப்பட்டார். பெரியபுராணத்திலேயே இருப்பதை எப்படி மறைப்பது? அதைவிட, அந்தக் கதையில் எனக்கு மிகவும் வேண்டியவர் திலகவதியார். தம்பி போனதில் அவருக்குத் தாங்க முடியாத துக்கம். சிவனிடம் அழுது முறையிட்டார். சமண மடத்துக்கு வர மாட்டேன் என்று உறுதியாகவும் சொன்னார். ஆனால் தம்பி இரவோடு இரவாக வந்து நின்றபோது, ‘ஏன் போனாய்’ என்று வாசலில் நிறுத்தி விசாரணை நடத்தவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனார்.

நீங்களும் ஒருநாள் திரும்பி வந்துவிடுவீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வரலாம், வராமலும் போகலாம், அது உங்கள் வாழ்க்கை. தேடிப் போனவரைத்தான் நம் சமயம் நால்வரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறது. சந்தேகப்பட்டதாலேயே நீங்கள் கெட்டுப்போனவர் என்று யாராவது சொன்னால் அவருக்குத் தேவாரம் தெரியாது.

நம்பாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் உங்களுக்குள் இருக்கும். நம் மண்ணில் அதுவும் புதிதல்ல. பெரியார் 1929ஆம் ஆண்டுக் கடைசியில் மலாயாவுக்கு வந்தார், 1954இல் மறுபடியும் வந்தார். அவர் பேச்சைக் கேட்டு மாறிய தோட்டத்து ஆட்கள் நிறைய. என் தாத்தாவின் அண்ணன் அப்படிப்பட்டவர். ஐயர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்தவர், விபூதி பூசியதில்லை, கருவறைப் பக்கம் போனதில்லை. ஆனால் திருவிழா வந்தால் அன்னதான அடுப்புக்கு விறகு பிளப்பது அவர்தான். முதல் நாள் சாயங்காலமே கோடாரியோடு வந்துவிடுவார். ‘சாமி இல்லங்கிற, இங்க என்ன வேலை’ என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஊரும் வேண்டும், பொய்யும் கூடாது என்று இருப்பவர்களுக்கு இப்படியும் ஒரு இடம் உண்டு. இன்றைக்குச் சில நிர்வாகங்கள் அந்தப் பெருந்தன்மையை இழந்துவிட்டன, எனக்கு அதில் மனக்குறை உண்டு. தலைவர் பதவிக்கு நடக்கும் சண்டையைப் பார்த்துக் கோயிலை வெறுத்த இளைஞர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் நிர்வாகத்தின் மேல் இருக்கும் கோபத்தை வைத்துக் கடவுளைப் பற்றி முடிவு செய்ய முடியாது. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சபைக்குப் போகலாமா? போய்க் கேளுங்கள். ஒளிந்து போகாதீர்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நம் கோயிலைப் பார்த்து நீங்கள் கேட்கும் கேள்விகளை அங்கேயும் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொன்னால் நல்லவர்கள். ‘கேட்காதே, நம்பு’ என்று அங்கேயும் சொன்னால் நீங்கள் ஓரடிகூட நகரவில்லை. கோயிலோ சபையோ யோகா மன்றமோ, உங்கள் குடும்பத்தைப் பேய் பிடித்தவர்கள் என்று சொல்லிப் பிரிக்கிற இடமென்றாலும், சம்பளத்தில் கைவைக்கிற இடமென்றாலும் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், நம் நாட்டில் இது முக்கியம். அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு அவரவர் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், கையெழுத்து உங்களுடையது. தொழிற்சாலையில் பழகி, காதலித்து, கல்யாணத்துக்காக இஸ்லாத்தைத் தழுவ முடிவெடுக்கும் பிள்ளைகள் நம் பட்டணங்களில் உண்டு. மனதார நம்பிப் போகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அது வெறும் பெயர் மாற்றம் அல்ல. கல்யாணம், மணவிலக்கு, சொத்து எல்லாம் மாநில ஷரியா சட்டத்தின் கீழ் போகும். பிறகு மனம் மாறினால் வெளியே வருவது நீதிமன்றப் படியேறும் நீண்ட காரியம். தேடுவதற்கு எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. வருடக்கணக்காகத் தேடலாம்.

வருடக்கணக்கு என்றதும் சலித்துக்கொள்ளாதீர்கள். ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தர் 1913இல் இளம் மருத்துவராக மலாயாவுக்கு வந்தவர். சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் நம் ஆட்களுக்கு மருந்து கொடுத்தவர். பிறகு ஜொகூரில் வேலை பார்த்தார். 1923இல்தான் எல்லாவற்றையும் விட்டு இந்தியாவுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு துறவியானார். இந்தியா திரும்புவதற்கு முன்னால் பத்து ஆண்டுகள் காய்ச்சலும் புண்ணுமாக வந்த தோட்டத் தொழிலாளர்கள் நடுவில்தான் அவருடைய தேடல் ஓடியது. பத்துமலையில் அவர் பெயரில் ஆசிரமம் இருக்கிறது, ஒருமுறை போய் வாருங்கள். அங்கே உட்கார்ந்து எதையும் கேட்கலாம் என்பது என் அனுபவம்.

கடைசியாக அம்மா. காவடி பற்றி நான் தெளிவாகவே சொல்கிறேன்: மனமில்லாமல் அலகு குத்திக்கொள்ளாதீர்கள். 48 நாள் விரதம் இருந்து, மனமும் உடம்பும் தயாரானவர் செலுத்தும் கடன் அது. அம்மாவின் முகத்துக்காகவும் சொந்தக்காரர் வாய்க்காகவும் செய்தால் அது முருகனுக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் இல்லை. அதே சமயம், அம்மாவிடம் ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று எடுத்த எடுப்பில் ஆரம்பிக்காதீர்கள். அந்தக் காய்ச்சல் ராத்திரியைப் பற்றிக் கேளுங்கள். யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எந்த வண்டியில் போனார்கள், எந்த நேரத்தில் நேர்ந்துகொண்டார் என்று முழுசாகக் கேளுங்கள். உங்களைப் பறிகொடுக்க இருந்த ஒரு பெண் தன்னிடம் இருந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டு முடித்த பிறகு உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். நேர்ந்துகொண்டவர் அவர் என்பதால், அவரே பால்குடம் எடுத்து அந்தக் கடனைத் தீர்க்கலாமா என்று கோயில் பெரியவர் ஒருவரிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அப்படிச் செய்திருக்கிறார்கள். அவர் எடுத்தால் நீங்கள் தண்ணீர் போத்தலோடு கல்லுமலை வரைக்கும் பக்கத்திலேயே நடந்து போங்கள், நம்பிக்கை இல்லாதவனும் அம்மாவோடு நடக்கலாம்.

இந்தப் பேச்சை விரதம் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். காவடி கட்டுபவருக்கு முன்பணம் கொடுத்து, சொந்தக்காரர்களுக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி போனபிறகு பேசினால், உங்கள் பேச்சுக்கு மனம் இளகினாலும் அம்மாவால் பின்வாங்க முடியாமல் போய்விடும்.