போஞ்சி இலையில் வெளிர்ப்புள்ளி: என்ன பூச்சி?

ஹட்டன் பக்கம் வீட்டுத்தோட்டத்துப் போஞ்சி இலைகளில் ஊசி குத்தியது போல வெளிர்ப்புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழும் தூசிப்பொட்டுகள் மெல்ல நகர்ந்தால் அது சிலந்திச் சிற்றுண்ணிதான். எட்டுக்கால் உள்ளதால் அது பூச்சி இனமே அல்ல. அதனால்தான் சாதாரணப் பூச்சிமருந்துக்குப் பெரும்பாலும் அடங்காது, மருந்தில் அதைத் தின்னும் உயிர்கள்தான் செத்துப்போகும். தயவுசெய்து அவசரப்பட்டு அடிக்காதீர்கள்.

தேயிலையைத் தாக்கும் சிவப்புச் சிலந்தியும் இதன் உறவுதான், ஆனால் அது முற்றிய இலையின் மேல்பக்கம் இருக்கும். உங்களுடையது அடிப்பக்கம். இரண்டுமே ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில் பெருகும்.

மோசமான இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள். அப்புறம் இலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள். பிறகு 1 லீற்றர் நீரில் 1 தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து, மாலையில் அடிப்பக்கம் நன்றாக நனையத் தெளியுங்கள். முதலில் ஓரிரு இலைகளில் பரீட்சித்துப் பாருங்கள். சவர்க்காரநீர் முட்டைகளை அவ்வளவாகத் தொடாது. ஆகவே 5 நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது தெளிக்க வேண்டும்.

பச்சையாகக் கொழுந்தில் மொய்த்து, பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் அது அழுக்கணவன். அதற்கும் இதே சவர்க்காரநீர் போதும். அருகில் பொறிவண்டு தெரிந்தால் விட்டுவிடுங்கள், அதுவே தின்றுவிடும்.