வெளிநடப்பு செய்தால் மசோதா நின்றுவிடுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் எதிர்க்கட்சிக்காரர்கள் சபைக்கு வராமலே ஒரு மசோதாவை முடக்கினார்களாம். நம் சட்டசபையிலும் அடிக்கடி வெளிநடப்பு நடக்கிறது. ஆனால் எதுவும் நிற்கவில்லையே, ஏன்?

எல்லாம் கோரம், அதாவது சபை நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, செய்கிற வேலை. மாநில சட்டசபை நடக்க எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை நம் அரசியல் சட்டத்தின் 189-வது பிரிவு சொல்கிறது. பத்துப் பேர், அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அது. தமிழ்நாட்டில் 234 பேர் என்பதால் 24 பேர் உட்கார்ந்திருந்தால் சபை நடக்கும். அந்த 24 பேர் ஆளுங்கட்சியில் இல்லாமலா போவார்கள்? மேலும், சாதாரண மசோதா நிறைவேற, அன்றைக்கு வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால் போதும். எதிர்க்கிறவர் எழுந்து போனால் எதிர் ஓட்டு ஒன்று குறைகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கணக்கே வேறு. அங்கே மூன்றில் இரண்டு பங்கு பேர் வர வேண்டும். அந்த மாநிலத்தின் மேல்சபையான செனட்டில் 30 இடம், கோரம் 20. 2019 ஜூனில் ஆளும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது 18. கார்பன் வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு வைக்கும் மசோதா ஒன்று வந்தது. டீசல் விலை ஏறும், மரத் தொழில் படுத்துவிடும் என்று கிராமப்புறத்தில் கடும் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியின் 11 செனட்டர்களும் சபைக்கு வராமல் ஊரைக் காலி செய்தார்கள், சிலர் பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்கே போய்விட்டார்கள். கவர்னர் கேட் பிரவுன் அவர்களைக் கூட்டிவர மாநில போலீஸை ஏவினார். ஆனால் எல்லை தாண்டியவர்களை ஓரிகன் போலீஸ் என்ன செய்ய முடியும்? வராத ஒவ்வொரு நாளுக்கும் 500 டாலர் அபராதம் போட்டும் யாரும் அசையவில்லை. மரம் ஏற்றும் லாரிகள் சாரை சாரையாக வந்து சட்டசபையைச் சுற்றி ஹாரன் அடித்தன.

அந்த மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான். சங்ககிரியில் லாரி ஓட்டும் என் மாமாவிடம் இதைச் சொன்னபோது, "சேலத்துல இத்தனை லாரி நின்னுருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமாடா?" என்று கேட்டார். அமெரிக்கா என்று புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. டீசல் விஷயம் மட்டும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

கடைசியில் மசோதாவுக்குத் தேவையான ஓட்டு இல்லை என்று செனட் தலைவரே அறிவித்தார். அதாவது ஆளுங்கட்சிக்குள்ளேயே சிலருக்குத் தயக்கம். அதனால் வெளிநடப்பு மட்டுமே மசோதாவைச் சாய்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்புறம் மக்களே இதற்குக் கடிவாளம் போட்டார்கள். அனுமதியில்லாமல் பத்து நாளோ அதற்கு மேலோ வராதவர் அடுத்த முறை பதவி வகிக்க முடியாது என்று 2022-ல் ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படியும் 2023-ல் ஆறு வாரம் வெளிநடப்பு நடந்தது. பத்து செனட்டர்களின் தகுதி போனதை மாநில உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உறுதி செய்தது. டெக்சாஸில் 2021-லும் 2025-லும் ஜனநாயகக் கட்சியினர் இதே வழியில் வெளிமாநிலம் போனார்கள். திரும்பி வந்த பிறகு அவர்கள் எதிர்த்த மசோதாக்கள் நிறைவேறிவிட்டன.

நம் பக்கம் வருவோம். 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்களை மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். டிவிஷன், அதாவது ஓட்டுகளை எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு, வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டும் நடக்கவில்லை. ரகளையில் எட்டு எம்.பி.க்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்தன. கோபம் நியாயமானது. ஆனால் எதிர்க்கட்சி இடங்கள் காலியாக இருந்த அந்த நாட்களில்தான் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நிறைவேறின. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300-க்கு உயர்ந்தது அதில்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை மில்களிலும் வேலை செய்கிறவர்களை நேராகத் தொடுகிற விஷயம். அதை எதிர்த்துப் பேச வேண்டியவர்கள் வெளியே நின்றார்கள்.

முத்தலாக் மசோதாவிலும் இப்படித்தான். 2019 ஜூலையில் மாநிலங்களவையில் 99-க்கு 84 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வும் ஐக்கிய ஜனதா தளமும் அன்று வெளிநடப்பு செய்தன. 15 ஓட்டு வித்தியாசத்தில் அவர்கள் உள்ளே இருந்து எதிர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த மாதிரி வெளிநடப்பு எதிர்ப்பே இல்லை. எதிர்த்த மாதிரியும் ஆச்சு, ஆளுங்கட்சியைப் பகைக்காத மாதிரியும் ஆச்சு.

நம் ஊரில் கோரம் நிஜமாகவே வேலை செய்வது உள்ளாட்சியில். 2020 ஜனவரியில் மறைமுகத் தேர்தல்கள் பல இடங்களில் போதிய உறுப்பினர்கள் வராமல் ஒத்திவைக்கப்பட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில், குப்பைக் கிடங்குக்கு இடம் ஒதுக்கும் தீர்மானம் வந்த அன்று கவுன்சிலர்கள் பாதிக்கு மேல் கல்யாணம், காதுகுத்து என்று போய்விட்டார்கள். ஆடி மாதத்தில் ஏதுங்க கல்யாணம் என்று டீக்கடையில் எல்லோரும் சிரித்தோம். தீர்மானம் தள்ளிப்போனது என்னவோ உண்மை.

அதற்காக ஓரிகன் மாதிரி கோரத்தை இங்கே உயர்த்தலாமா என்றால், வேண்டாம் என்பேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எம்.எல்.ஏ.க்களை ரிசார்ட்டில் அடைத்து வைத்து பட்ஜெட்டையே நிறுத்திவிடுவார்கள். கூவத்தூரைப் பார்த்த மாநிலம் இது. உள்ளே இருந்து டிவிஷன் கேட்கட்டும். குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்று பதிவாகாது. எண்ணி எடுத்தால்தான் நம் தொகுதிக்காரர் என்ன செய்தார் என்று நமக்குத் தெரியும்.